கனியக்கா கையில் இருந்த போன்

வலியில் கிடக்கிற ஒருத்தி, பக்கத்தில் நிற்கிறவள் கையை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மணி நேரம் என்பீர்கள், மிஞ்சினால் இரண்டு. உமையபார்வதி ஆறே முக்கால் மணி நேரம் பிடித்திருந்தாள். கனி நர்ஸின் மணிக்கட்டில் அவளுடைய ஐந்து விரலும் மருதாணி வைத்த மாதிரி பதிந்து மூன்று நாள் அழியாமல் கிடந்ததை உமையாவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கும், சும்மா இருக்க முடியாத வாய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாசமான பெண்ணிடம் அந்தக் கதையைத்தான் எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசல்படியில் பிரம்மசக்தி உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பாதியில் நிறுத்தினால் வித்தியாசமாகத் தெரியும் என்று குரலை மட்டும் இறக்கிக்கொண்டு முடித்தாள். "நெசமாவாக்கா, அந்த நர்ஸு உங்களத் திட்டலையா?" என்றாள் அந்தப் பெண். "எதுக்குத் திட்டணும்? அவங்க என் நர்ஸு" என்று சொல்லிவிட்டு உமையா சிரித்தாள், சிரிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது. புதன்கிழமை, ஊசி நாள். சீட்டு நம்பர் பதினொன்று, இப்போதுதான் நாலு ஓடுகிறது. மடியில் பிள்ளை, பிறந்து நாற்பத்தாறாவது நாள், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது, கன்னத்தில் அப்பளம் மாதிரி ஒரு திருஷ்டிப் பொட்டு. ஒன்றரை மாத ஊசி போட்டால் காய்ச்சல் வரும், வரட்டும், சொட்டு மருந்து தருவார்கள். வரும்போது பருப்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா. சக்தி இந்தப் பக்கம் திரும்பவில்லை. மெலிந்துவிட்டாள், கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். கையில் மடித்த ஒரு தாள். அது என்ன தாள் என்று உமையாவுக்குத் தெரியும். நேற்று ஆயா லூர்தக்கா போனில் சொல்லிவிட்டாள்: "பெரிய டாக்டரம்மா நாளைக்கு விசாரிக்க வாராங்கட்டி. அந்தப் பிள்ள புகார்த் தாளு எழுதி வெச்சிருக்கா, கையெழுத்துதான் பாக்கி. உன்கிட்டயும் ரெண்டு கேள்வி கேப்பாங்களாம். ஊசிக்கு வாறவ அப்படியே சொல்லிட்டுப் போயிரு. கழுத்தையா அறுக்கப் போறாங்க?" கழுத்தையா அறுக்கப் போகிறார்கள். இல்லைதான். அறுபடுவது வேறு கழுத்து. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கனியக்கா நின்றுகொண்டிருப்பாள், உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு நர்ஸ் கிடைப்பாள் என்று இந்தப் பக்கத்தில் எவளுக்குத் தெரியும். ஏற்பாடே புதுசு. நாள் தள்ளிப்போய் முதல் தடவை வந்து நிற்கிறவளுக்கு எந்த நர்ஸ் அட்டை போடுகிறாளோ, அவளேதான் மாதா மாதம் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், அவளேதான் பிள்ளையை எடுப்பாள், பிறகும் வீட்டுக்கு வந்து வந்து பார்ப்பாள், ஒரே முகம், ஒரே கை. முன்னால் அப்படியா? உமையாவின் மதினிக்குப் பத்து மாதத்தில் ஏழு முகம். ஏறிப் படு, இறங்கு, அட்டையைக் காட்டு, அடுத்தவ வா. பிரசவத்தன்று எட்டாவதாக ஒருத்தி, பேர்கூடத் தெரியாது, கத்தின வாய்க்கு, "அப்ப மட்டும் இனிச்சுதோ?" என்று கேட்டுத் தொடையில் ஓங்கி அறைந்தாளாம். மதினி அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அந்தத் தொடையைத்தான் தடவிக்கொள்கிறாள், பிள்ளைக்கு ஆறு வயசாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து உமையாவுக்குப் பிள்ளை ஆசை பாதி, அந்த அறை பயம் பாதி. அதனால்தான் தெய்வக்கனி என்கிற அந்தக் குட்டை நர்ஸ், முன்பல் கொஞ்சம் தூக்கின நர்ஸ், முதல் நாளே, "பேரென்ன தாயி? உமையபார்வதியா? இவ்வளவு நீளப் பேர வெச்சுக்கிட்டு எப்படி நடக்க?" என்று கேட்டபோது உமையா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கத்தான் செய்தாள். கனியக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: "என்ன ஒண்ணுன்னாலும் மொத போன் எனக்கு. உங்க இஷ்டத்துக்கு நூத்தியெட்டுக்குப் போடாதீங்க. நான் வண்டியும் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கும் சொல்லி வெச்சிருவேன்." அவள் பார்க்கிற பத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே சட்டம். பத்துப் பேரையும் போனில் பேரோடு வாரத்தையும் சேர்த்து எழுதி வைத்திருந்தாள், ஒவ்வொரு செக்கப்புக்கும் வார எண்ணை மாற்றுவாள். ஒருமுறை சக்தி சும்மா வாயு வலிக்கு நூற்றியெட்டைக் கூப்பிட்டு, அந்த வண்டிக்காரன் வந்து வைதுவிட்டுப் போக, கனியக்கா அவளை உட்கார வைத்துக் கேட்டாள்: "ஏன் தாயி, நான் செத்தா போயிட்டேன்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சக்தி அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு சக்தி நூற்றியெட்டைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடவே இல்லை. அதுதான்.

சக்தியும் அவளும் ஒரே நாளில் அட்டை போட்டவர்கள். ஒரே நாளில் செக்கப்பு, ஒரே பெஞ்சு, ஒரு வாட்டர்பாட்டில். லூர்தக்கா இவர்களை ரெட்டைப் பூசணி என்பாள். "ஒருத்தி வந்தா ஒருத்தி வருவா, பெறும்போதும் சேந்து பெத்துத் தொலைங்க, எனக்கு ஒருதரம் கழுவுனா போதும்." நாள் கணக்கில் மட்டும் உமையாவுக்கு ஒரு மாதம் முன்னால். நல்ல பிள்ளைதான் சக்தி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, புளியங்காய் கொண்டுவந்தால் பாதியைக் கடித்துக் கொடுப்பாள். ஆனால் அவளுக்கு ரத்தம் குறைவு. ரத்தம் குறைவு என்றால் கனியக்கா அவளோடு கூடுதலாக உட்கார்வாள். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள், நகத்தை அமுக்கிப் பார்ப்பாள், பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து அவள் கையில் வைத்து, "என் கண்ணு முன்னால தின்னு" என்பாள். உமையா எல்லாம் சரியாக இருந்தாள். சரியாக இருப்பவளை யார் உட்கார வைத்துப் பழம் தருவார்கள்? "உனக்கென்ன தாயி, நீ குதிர", அவ்வளவுதான், ஐந்து நிமிஷம், இறங்கு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் உமையா. சக்திக்குப் பதினேழு நிமிஷம். அடுத்த மாதம் இருபத்திரண்டு. சீ, இதையெல்லாம் ஒருத்தி எண்ணுவாளா? எண்ணினாள். ஒருமுறை தலை சுற்றுகிறது என்று பொய் சொன்னாள், அன்றைக்கு அவளுக்கும் பழம் கிடைத்தது, ரெண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பஸ்சிலேயே தின்றாள், கொட்டையைக்கூட உடனே துப்பவில்லை. இதைப் போய் டாக்டரம்மாவிடம் சொல்ல முடியுமா? பேரீச்சம்பழத்துக்காக அம்மா. ஆறு ஓடுகிறது. ஏழாம் நம்பர்காரி இன்னும் வரவில்லையாம், ஒன்று குறைந்தது. பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டியது, உடனே இரண்டு பக்கமும் சுருக்கென்று பால் இறங்கி ரவிக்கை நனைந்தது. உமையா அவசரமாக மாராப்பை இழுத்து மூடினாள். ஈரம் படிக்கட்டு வரைக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது.

அன்றைக்கு விடிகாலை நாலு மணிக்கு வலி. கனியக்கா டவுன் பஸ்ஸுக்குக் காத்திராமல் யார் வண்டியிலோ தொற்றி வந்துவிட்டாள், தலைகூடச் சீவவில்லை. "வந்துட்டேன் தாயி. இனிமே பிள்ள வெளிய வாற வரைக்கும் நான் இந்த ரூம்ப விட்டுப் போனா ஏன்னு கேளு." கேளு என்று அவள்தானே சொன்னாள். நடக்க வைத்தாள், இடுப்பில் எண்ணெய் தேய்த்தாள், சுடுதண்ணீர் ஊற்றினாள். ஒன்பது மணிக்கு மேல் உமையாவுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியதும் தன்னுடைய போனில் ஓடுகிற கடிகாரத்தைப் போட்டு அவள் வலது கையில் கொடுத்தாள். "வலி வரும்போது ஒரு அமுக்கு, போகும்போது ஒரு அமுக்கு. கை வேல பாத்தா மனசு பயப்படாது." எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அப்படித்தான் கொடுப்பாள், அது அவள் வழக்கம், ரூல்ஸில் கிடையாது. இடது கையில் கனியக்கா மணிக்கட்டு, வலது கையில் கனியக்கா போன். முழு கனியக்காவும் தன் கையில் இருக்கிற மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வலியிலும் உமையாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தேகால் இருக்கும். கனியக்கா குனிந்து வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்திருந்தாள், பிள்ளையின் துடிப்பை எண்ணுகிற நேரம், வாயைத் திறக்கக் கூடாது. அப்போதுதான் உள்ளங்கையில் வண்டு மாதிரி டர்ர்ர் என்றது. ஓடுகிற எண் மறைந்து பேர் வந்தது. பிரம்மசக்தி 36 வாரம். கீழே ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். வலி ஏறிக்கொண்டிருந்தது, கடிகாரத்தை அமுக்க வேண்டும், கடிகாரம் தெரியவில்லை. சிவப்பைத் தொட்டாள். கடிகாரம் திரும்பி வந்தது. முதல் தடவை அவ்வளவுதான், சத்தியமாக அவ்வளவுதான். முதல் தடவையோடு நின்றிருந்தால் இன்றைக்கு அதைச் சொல்லிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது தடவை டர்ர்ர் என்றபோது வலி இல்லை. வலிக்கு நடுவில் வருகிற ஓய்வு, கண் நன்றாகத் தெரிந்தது, பேர் நன்றாகத் தெரிந்தது. பழையபடி வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை, அது நினைத்த இரண்டாவது விஷயம். முதலில் நினைத்தது, பச்சையைத் தொட்டால் கனியக்கா போய்விடுவாள். ரத்தம் குறைந்தவள் கூப்பிட்டால் போகத்தானே செய்வாள். போனால் கதவைத் திறந்துகொண்டு வேறு ஒருத்தி வருவாள், பேர் தெரியாதவள், கை ஓங்கத் தெரிந்தவள். தொடை தானாகவே சுருங்கியது. சிவப்பு. மூன்றாவது தடவை நினைக்கவே இல்லை, ஈயை விரட்டுகிற மாதிரி. நாலாவது தடவை கனியக்கா நிமிர்ந்துவிட்டாள். "யாரு தாயி போனுல?" "கம்பெனிக்காரன் யக்கா. எப்பப் பாத்தாலும்." கனியக்கா சிரித்தாள். "அவனுக்கும் ஒரு பிரசவம் பாத்து விட்டாத்தான் அடங்குவான்." உமையாவும் சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள், வயிறு குலுங்கி அடுத்த வலி பிடித்தது. அதற்குப் பிறகு போன் அடங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

வெளியே ஒரு ஆட்டோ வந்து உறுமிக்கொண்டு நின்றதும், யாரோ அலறியதும், லூர்தக்கா, "இங்க முடியாதுய்யா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஓடுங்க" என்று கத்தியதும் காதில் விழுந்தது. உமையாவுக்கு அப்போது முக்குகிற நேரம், கனியக்காவின் தலை அவள் முழங்காலுக்கு நடுவில் இருந்தது. இரண்டு பேரில் யாரும் திரும்பவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் பிள்ளை வந்தது, வெளுப்பாக, கொழுகொழுவென்று, வந்ததுமே ஊரைக் கூட்டியது. சக்தியின் பிள்ளை பாதி வழியிலேயே அடங்கிவிட்டது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஆண் பிள்ளை. உள்ளே ரத்தம் உடைத்துக்கொண்டதாம். முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம், சொல்வதற்கென்ன, வாய்தானே. அந்த முக்கால் மணி நேரமும் சக்தி கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அக்கா கூப்பிடுவாங்க, வேலையா இருப்பாங்க, பாத்துட்டுக் கூப்பிடுவாங்க என்று மாமியாரிடம் சொன்னாளாம். சேதி வந்தபோது கனியக்கா கட்டிலோரத்தில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உமையா கண்ணை மூடிக்கொண்டாள், பெற்றவளுக்குத் தூக்கம் வராதா என்ன. போன் பைக்குள் போகிற சத்தம் கேட்டது. பிறகு கனியக்காவின் கை வந்தது, பிள்ளையின் தலையைப் பிடித்துத் திருப்பியது. "காம்ப மட்டும் குடுக்காத. கறுப்பு முழுசும் வாய்க்குள்ள போவணும்." அவ்வளவுதான் சொன்னாள். தாயி என்று சொல்லவில்லை. அதை உமையா கவனித்தாள்.

அப்படியே கேட்டுத் தொலைத்திருந்தால் விட்டிருக்கும். கேட்கவில்லையே. மூன்றாம் நாள் வந்தாள், ஏழாம் நாள் வந்தாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள், ஏற்பாட்டில் எழுதியிருக்கிற நாளில் ஒன்றுகூடத் தப்பாமல் வீட்டுக்கு வந்தாள். தையலைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், பிள்ளையைத் துணியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உமையா பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், இன்றைக்குக் கேட்பாள் என்று. கேட்டால் சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள், மூன்று விதமாக. பால் நல்லா வருதா, வெளிக்கிப் போறியா, இவ்வளவுதான் கேள்வி. ஏழாம் நாள் அவள் பையைத் திறந்ததும் வீடு முழுக்க மல்லிகைப்பூ மணத்தது. உமையா வாய் சும்மா இருக்குமா, "என்னக்கா, இன்னைக்குப் பூவெல்லாம் பலமா இருக்கு, வீட்டுல விசேஷமா?" என்றாள். "சக்திக்கு வெச்சுக் கட்டிட்டு வாரேன்" என்றாள் கனியக்கா, தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டே. "பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லா கெடக்கு அந்தப் பிள்ளைக்கு. பூ வெச்சுக் கட்டுனாத்தான் வத்தும். மூணு கிலோ நானூறு. உன் பிள்ள நல்லா ஏறியிருக்கு." உமையா தலையில் அன்றிலிருந்து பூ வைப்பதில்லை. வைத்தால்தான் என்ன, யார் கேட்கப் போகிறார்கள், ஆனாலும் மாமியார் வாங்கிவந்த சரத்தைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள். இருபத்தெட்டாம் நாள் இன்னும் மோசம். கனியக்கா போனை எடுத்து, அழைப்புகள் வரிசையாக இருக்கிற பக்கத்தைத் திறந்து, பிரசவ நாள் வரைக்கும் தள்ளி, அதைப் பிள்ளை பக்கத்தில் பாயில் மல்லாக்க வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். பிரம்மசக்தி 36 வாரம், பிரம்மசக்தி 36 வாரம், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நாலு, பக்கத்தில் நாலு சிவப்பு. அந்த எண்ணை அவள் மாற்றவே இல்லை. உமையா அதைப் பார்த்தாள், அது உமையாவைப் பார்த்தது. வெளிச்சம் மங்கி அணையப்போகிற நேரத்தில் ஏனோ விரலை நீட்டி அதைத் தொட்டு மறுபடி எரியவிட்டாள். கனியக்கா ஈரக்கையோடு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள், போனை எடுத்துப் பைக்குள் போட்டாள், "இரும்புச்சத்து மாத்திரைய விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன நினைத்து வைத்தாள்? காட்டவா, கேட்கவா, நீயே சொல் என்று வழி விடவா? ஒரு வேளை சும்மா வைத்தாளோ? மனுஷி ஒரு வார்த்தை வைதிருக்கலாம். அடித்திருக்கலாம், தொடையிலேயே அடித்திருக்கலாம்.

"பதினொண்ணு! ஏட்டி உமையா, ஒன்னத்தான், காது என்ன மாமியா வீட்டுலயா இருக்கு? முதல்ல டாக்டரம்மா ரூம்புக்குப் போ" என்று லூர்தக்கா கத்தினாள். உமையா எழுந்தாள், கால் மரத்திருந்தது. உள்ளே பெரிய டாக்டரம்மா கண்ணாடி போட்டு, மேஜையில் தாள்களைப் பரப்பி, நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள், பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், பேர் வைத்தாச்சா என்று கேட்டாள். கனியக்கா ஓரமாக, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில், நினைத்த மாதிரியே நின்றுகொண்டிருந்தாள். "பயப்படாம சொல்லும்மா. உன் பிரசவத்தன்னைக்குக் காலைல பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் நர்ஸோட போன் எங்க இருந்துச்சு?" மூன்று பதிலும் ஓடிப்போய்விட்டது. பாதத்துக்குக் கீழே தரை குளிர்ந்தது. சொல்லிவிடலாம். என் கையில் இருந்தது அம்மா, நான்தான் தொட்டேன், முதல் தடவை கடிகாரத்துக்காக. நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? செத்த பிள்ளை எழுந்து வருமா? புருஷன் என்ன சொல்வான், ஊர் என்ன சொல்லும், தண்ணிக் குழாயில் ஒருத்தி குடம் வைக்க விடுவாளா, இந்தப் பிள்ளை பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போனால் அங்கேயும் வந்து சொல்வார்களே. டாக்டரம்மா அவள் முழிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு தாளைத் திருப்பினாள். "நர்ஸ் எழுதிக் குடுத்திருக்காங்க. போன் தன் கையிலதான் இருந்துச்சு, பிரசவம் பாக்குற அவசரத்துல யாருன்னு பாக்காம நாலு தடவையும் கட் பண்ணிட்டேன்னு. அது சரியா?" உமையா கனியக்காவைப் பார்த்தாள். கனியக்கா ஊசி மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கி, குலுக்கி, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உமையாவுக்காகத்தான் அப்படி எழுதினாளா, இல்லை பிள்ளைத்தாய்ச்சி கையில் போனைக் கொடுத்தது இதைவிடப் பெரிய குற்றமா, யாருக்குத் தெரியும். எதுவாக இருந்தால் என்ன, கதவு திறந்து கிடக்கிறது. சும்மா தலையை ஆட்டினால் போதும், வாயால் பொய் சொல்லக்கூட வேண்டாம். ஆனால் உமையா வாயால் சொன்னாள், நன்றாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி: "ஆமாம்மா. கனியக்கா கையிலதான் இருந்துச்சு." சொன்னதும் உடம்பு லேசானது, வெட்கமில்லாமல் லேசானது, பசித்தது. பருப்புக்கு உப்புப் போட்டது ஞாபகம் வந்துவிட்டது.

"பிள்ளைய மடியில போடுங்க" என்றாள் கனியக்கா. போடுங்க. வாங்க போங்க என்று அவள் உமையாவிடம் பேசியதே இல்லை. உமையா பிள்ளையை மடியில் போட்டுத் துணியை விலக்கினாள். அந்தச் சின்னத் தொடை, வெண்ணெய் மாதிரி, இரண்டு மடிப்போடு. "காலை ஆட்டாமப் பிடிங்க. ஆடுனா ஊசி உள்ள கீறிரும்." பிடித்தாள். கனியக்காவின் மணிக்கட்டு முகத்துக்கு நேராக வந்தது, விரல் தடம் எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது. ஊசி இறங்கியது. பிள்ளை ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து, நீலமாகி, பிறகு அலறியது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கனியக்கா எல்லாருக்கும் சொல்கிறதைச் சொன்னாள்: காய்ச்சல் அடிக்கும், சொட்டு மருந்து நாலு வேளை, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், அடுத்த ஊசி ரெண்டரை மாசத்துல. அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அடுத்ததுக்கு நீங்கதானேக்கா இருப்பீங்க?" என்று உமையா கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது, ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கனியக்கா முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தாள். "அது அந்தப் பிள்ள கையெழுத்துல இருக்கு" என்றாள். "போட்டுட்டா எனக்கு வேல இல்ல. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

வாசல் வழியாகத்தான் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வாசல் இருக்கிறதா என்ன. படியில் சக்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தத் தாள், தாளின் மேல் ஒரு பேனா. அழுகிற பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே, வேகமாக, பஸ்ஸுக்கு நேரமாகிற மாதிரி இறங்கிய உமையாவின் முந்தானையைப் பிடித்தாள், இழுக்கவில்லை, சும்மா பிடித்தாள். "உக்காரு" என்றாள். உமையா உட்கார்ந்தாள். சக்தி பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளை அலறுகிற அலறலுக்கு ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிறான், சக்தி பார்க்கவில்லை. "பசிக்கு அழுவுதா?" "இல்ல, ஊசி." "ம்." "மெலிஞ்சு போயிட்டியே சக்தி" என்றாள் உமையா, வேறு என்ன சொல்ல. "நீ நல்லா இருக்க" என்றாள் சக்தி. குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது. "யாருன்னு பாக்காம கட் பண்ணிட்டாங்களாம். எழுதியிருக்காங்க, டாக்டரம்மா வாசிச்சுக் காட்டுனாங்க. பாக்காமன்னா அது வேற, உமையா. கையில வேலையா இருந்திருப்பாங்க, உன் பிள்ளைய எடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க, விதின்னு விட்டுருவேன், இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். எனக்கு அவங்க மேல ஆச இருக்குட்டி, பூ வெச்சுக் கட்டுனது அவங்கதான். ஆனா ரெண்டே ரிங்குல கட் ஆச்சு. நாலு தடவையும் ரெண்டே ரிங்கு. பாக்காதவங்க அடிக்க விடுவாங்க. பாத்தவங்கதான் கட் பண்ணுவாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்லுதாரு. எனக்கு உறக்கம் இல்ல. கண்ண மூடுனா அந்த ரிங்குதான் கேக்கு." உமையாவின் புத்தி, கெட்டிக்காரப் புத்தி, உடனே வழி கண்டுபிடித்துவிட்டது: கனியக்கா பார்க்கவில்லை, அது உண்மைதானே, கனியக்கா பார்க்கவே இல்லை, பார்க்கல என்று சொன்னால் பொய்யே கிடையாது, தாள் கிழியும், அக்கா வேலை நிற்கும், அடுத்த ஊசிக்கும் அவளே வருவாள், எல்லாம் நல்லபடியாக முடியும், ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். பிள்ளை தோளில் விக்கி விக்கி அடங்கிக்கொண்டிருந்தது, அதன் மூச்சு கழுத்தில் சூடாக விழுந்தது. அப்போது சக்தி திரும்பினாள். முதல் தடவையாகப் பிள்ளையைப் பார்த்தாள், அதன் கன்னத்துப் பொட்டை, மூடின இமையை. "பிள்ள தலையில கைய வெச்சுச் சொல்லுன்னெல்லாம் கேக்க மாட்டேன்" என்றாள். "எம்பிள்ள செத்ததுக்கு இது தல எதுக்கு? பாவம், இது என்ன செஞ்சுது. வெறும் வாயால சொன்னாப் போதும், நீ சொன்னா நான் நம்பிக்கிடுவேன், எனக்கு யாரையாவது ஒருத்தர நம்பணும். நீதான் பக்கத்துல இருந்த. நான் கூப்பிட்டப்ப அந்தப் போனுல என் பேரு தெரிஞ்சுதா? அத யாராவது பாத்தீங்களா? அத மட்டும் சொல்லிட்டுப் போ உமையா."